நெட் ஃப்ராக்கும் பட்டுப்பாவாடையும் மறுபடி உடம்புல ஏறின கதை

பீரோவோட அடித்தட்டு முழுக்க புள்ளைங்க துணிதான். அதுல முக்கால்வாசி நல்லாத்தான் இருக்கு, கிழியல, சாயம் போகல, அளவும் பெருசா பத்தாம போயிடல, ஆனா ரெண்டும் தொடமாட்டேங்குதுங்க. பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, பையன் எல்கேஜி. குளிச்சிட்டு வந்தா அவ எடுக்கிறது அதே வெளுத்துப்போன காட்டன் கவுன், இவன் எடுக்கிறது அதே தொளதொள டவுசர். கல்யாணத்துக்கு எடுத்தது, பொறந்தநாளுக்கு வந்தது, சித்தி கொடுத்தது, மாமா வாங்கினது எல்லாம் மூட்டையா கெடக்கு. யாருக்காவது தூக்கிக் கொடுத்துடலாம்னா, எம்புள்ளைக்கு அரிக்கிற துணி அடுத்த வீட்டு புள்ளைக்கு மட்டும் அரிக்காமலா இருக்கும், அதுவும் ரெண்டு நாள் வச்சிருந்துட்டு வேற யாருக்காவது தள்ளிவிடும். சரி ஆடிப்பதினெட்டுக்கு முன்னாடி இதுல பாதியையாவது போடுற மாதிரி மாத்திப்புடணும்னு உக்காந்தேன். எங்கிட்ட இருக்கிறது பழைய உஷா, கால்ல மிதிக்கிற மெஷின், நேர் தையல் மட்டும்தான், ஜிக்ஜாக்கும் கிடையாது, துணி ஓரம் பிசுறு விடாம கட்டுற ஓவர்லாக்கும் கிடையாது, அதனால கீழ எழுதுறது எல்லாமே சாதா மெஷின் வச்சிருக்கவங்களுக்கும் ஆகும்.

கத்திரிய கடைசியாத்தான் எடுத்தேன். மொதல்ல ஒவ்வொரு உடுப்பையும் உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி திருப்பி பாய்ல பரப்பிப் போட்டு பொண்ணை கூப்பிட்டு "எங்க குத்துதுன்னு கைய வச்சுக் காட்டு"ன்னேன். நாம எப்பவும் கேக்குறது "ஏண்டி போடமாட்டேங்கிற", அதுக்கு வர்ற பதில் எப்பவும் "புடிக்கல", அத்தோட முடிஞ்சுபோச்சு. எங்க குத்துதுன்னு கேட்டா டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி அவ்ளோ கரெக்டா காட்டுறா. நெட் ஃப்ராக்ல இடுப்பு சேர்ற இடம், முதுகுல ஜிப்பு முடியிற நுனி, கம்புக்கூட்டுகிட்ட சமிக்கி, கழுத்துப் பின்னாடி லேபிள். பட்டுப்பாவாடைல நாடா கட்டுற இடம். ஒரு டாப்ஸ்ல கைல இருக்க எலாஸ்டிக், போட்டுக் கழட்டினா வளையம் மாதிரி தடம் விழுந்திருக்குமாம், இத்தனை நாள் எங்கிட்ட சொல்லவே இல்ல. நெறம் புடிக்கல, பூ புடிக்கலன்னு அவ ஒதுக்கினது அந்த மூட்டையிலயே ஒரே ஒரு மஞ்ச கவுன்தான். மத்த அத்தனையும் உள்பக்கத்து வில்லங்கம். அப்படின்னா வெளிய டிசைன் மாத்தி, பூ வச்சு, லேஸ் வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல, உள்பக்கத்ததான் திருத்தணும். இன்டர்நெட்ல தேடினா வர்ற வீடியோ எல்லாம் பாருங்க, பழைய ட்ரெஸ்ஸுக்கு வெளிய என்ன ஒட்டலாம்னுதான் காட்டுவாங்க, திருப்பி உள்ள காட்டுறவங்க ரொம்ப கம்மி.

ரெடிமேட்ல ஏன் இப்படி இருக்குன்னா, வெளிய தெரியாத இடத்துல செலவு பண்ண மாட்டாங்க, அவ்ளோதான். நெட்ட ஃப்ரில்லா சுருக்கி, அதுக்கு கீழ கான்கான்னு மொரமொரன்னு ஒரு நெட்டு, அதுக்கு கீழ சாட்டின் லைனிங், எல்லாத்தையும் சேத்து இடுப்புல ஒரே தையலா போட்டு நைலான் நூல்ல ஓவர்லாக் அடிச்சு விட்டுடுவாங்க. அந்த தும்பு, அதாவது தையலுக்கு வெளிய நிக்கிற துணி ஓரம், முழுக்க வயித்துப் பக்கம்தான் பாத்துகிட்டு இருக்கும். சுருக்கின நெட்டோட வெட்டுமுனை ஒவ்வொண்ணும் ஒரு சின்ன ஊசி. இதுல லைனிங் வேற பாலியஸ்டர். காத்துல இருக்க ஈரத்துல காட்டன் தன் எடையில ஏழெட்டு சதவீதம் வரைக்கும் இழுத்து வச்சுக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட இழுக்காது, அதான் வேர்வை அப்படியே தோல்லயே நிக்குது. எங்க ஊரு மாயவரத்துகிட்ட இருக்க குத்தாலத்துப் பக்கம், அருவி குத்தாலம் இல்ல, சுத்தியும் வயலும் வாய்க்காலும், சித்திரை வைகாசில புழுக்கம் எப்படி இருக்கும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம். அந்த வேர்வையில இந்த நெட்டு உரசினா பெரியவங்களே தாங்கமாட்டோம்.

பிரிக்கிற வேலைதான் மொத்தத்துலயும் பெரிய வேலை, பொறுமை இருந்தா மட்டும் எறங்குங்க. ஒவ்வொரு தையலா பிளேடால நோண்டாதீங்க. ஒரு பக்கத்துல நாலஞ்சு தையலுக்கு ஒண்ணுன்னு நூல அறுத்துகிட்டே போயிட்டு, துணிய திருப்பி அந்தப்பக்கத்து நூல புடிச்சு இழுத்தா நீளமா அப்படியே கழண்டு வரும். சங்கிலித் தையல் போட்ட துணின்னா இன்னும் சுளுவு, சரியான முனைய கண்டுபுடிச்சு இழுத்தா சர்ர்ருனு மொத்தமும் பிரியும், வரலைன்னா மறுமுனையில இருந்து இழுங்க. ஓவர்லாக்க பிரிக்க மெனக்கெட வேணாம், மேல இருக்க வளையத்த மட்டும் பிளேடால சீவிவிட்டா நூலு தானா உதிரும். பிரிச்ச நூலெல்லாம் பாயிலயே கெடந்து கால்ல ஒட்டும், ஒரு செல்லோடேப்ப கையில திருப்பிச் சுத்திகிட்டு ஒத்தி ஒத்தி எடுத்துடுங்க.

மொத எடுத்தது ரோஸ் கலர் நெட் ஃப்ராக், ரெடிமேட்ல 24 சைஸு. இடுப்ப முழுசா பிரிச்சேன். கான்கான மட்டும் தையலுக்கு கீழ வெட்டி எடுத்துட்டா போதாதான்னு கேப்பீங்க, போதாது, அந்த வெட்டின குச்சம் அங்கயே நின்னு முன்னவிட மோசமா குத்தும். பிரிச்சா நாலு அடுக்கா வந்துச்சு, மேல் நெட் ரெண்டு, கான்கான் ஒண்ணு, சாட்டின் ஒண்ணு. கான்கானும் சாட்டினும் ஓரமா போயிடுச்சு. அதுக்கு பதிலா மாமனாரோட பழைய நாலு முழ வேட்டி. பழைய வேட்டிய விட நல்ல லைனிங் கடையில கெடைக்காது, இத நான் அடிச்சே சொல்லுவேன், வருஷக்கணக்கா தொவச்சு தொவச்சு பூ மாதிரி ஆகியிருக்கும், சுருங்க வேண்டியதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிஞ்சிருக்கும். புது காட்டன் லைனிங் வாங்கினா ராத்திரி முழுக்க ஊறவச்சு காயவச்சு அயர்ன் பண்ணிட்டுதான் வெட்டணும், மீட்டருக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டராவது சுருங்கும், சில துணி அதுக்கு மேலயும் போகும், வெட்டித் தைச்சப்புறம் உள்துணி மட்டும் சுருங்குச்சுன்னா மேல் துணி பலூனா தொங்கும். கஞ்சி போட்ட வேட்டின்னா கஞ்சி போக அலசிடுங்க, ஆனா வாய்க்கால்ல வேணாம், மேட்டூர் தொறந்து புதுத்தண்ணி கலங்கலா வர்ற நேரத்துல வெள்ளை வேட்டிய முக்கினா காவி வேட்டியாதான் வெளிய வரும். நான் அடிபம்புலதான் அலசினேன்.

மேல் பாடிக்கு தனியா அளவெல்லாம் எடுக்கல. ஃப்ராக்கோட பாடியவே வேட்டி மேல விரிச்சு சாக்பீஸால சுத்தி வரைஞ்சு, அரை இஞ்ச் கூட விட்டு வெட்டினேன். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பாத்த மாதிரி வச்சு கழுத்த மட்டும் மெஷின்ல தைச்சு, வளைவுல குட்டி குட்டியா கத்திரிச்சு விட்டு உள்ள திருப்பினா கழுத்து தும்பு ரெண்டு துணிக்கும் நடுவுல மறைஞ்சிடும். கை வளைவுல உள்ள மடிச்சு கையால எம்மிங். இப்ப பாவாடைப் பகுதி. இடுப்பு 23 இஞ்ச், வேட்டில அதுக்கு ரெண்டு மடங்கு அகலம் 46 இஞ்ச் எடுத்தேன், காட்டனுக்கு அது தாராளம், ரொம்ப சுருக்கினா இடுப்புல மொத்தமா நிக்கும். சுருக்குறதுக்கு தையல் நீளத்த மெஷின்ல பெருசா வச்சு, கால் இஞ்ச் இடைவெளில ரெண்டு வரிசை ஓட்டி, பாபின் நூல் ரெண்டையும் சேத்து இழுத்துகிட்டே வந்தா சமமா சுருங்கும், ஒரே வரிசை ஓட்டினா நடுவுல அறுந்து உசுர வாங்கும். நெட்டு தைக்கும்போது மெஷின் பல்லு அதக் கடிச்சு உள்ள இழுக்கும், அதுக்கு நெட்டுக்கு அடியில ஒரு பேப்பர் கீத்து வச்சு சேத்து தைச்சுட்டு அப்புறம் கிழிச்சு எடுத்துடணும். நியூஸ்பேப்பர் வேணாம், மை ஒட்டும், புள்ளையோட பழைய நோட்டுல எழுதாத பக்கம் இருந்தா அதான் சரி. ஊசி 11ம் நம்பர்.

இடுப்ப சேத்து தைச்சதும் தும்ப மேல்பக்கமா தள்ளி, பாடி லைனிங்கோட கீழ் முனைய உள்ள மடிச்சு, அந்த தும்பு மொத்தத்தையும் மூடுற மாதிரி கையாலயே எம்மிங் பண்ணிட்டேன். இதுதான் இந்த ஃப்ராக்கோட உசுரு. இப்ப உள்ள கைய விட்டு தடவினா வேட்டி மட்டும்தான் படும், ஒரு தையல் கூட தோல்ல படாது. ஜிப்பு நுனிக்கு ஒன்றரை இஞ்ச் சதுரத்துல வேட்டித்துண்ட மடிச்சு அது மேல மாட்டி தைச்சாச்சு. லேபிள வெட்டினா போதாது, வெட்டின அடிக்கட்டை முன்னவிட குத்தும், தையலோட பிரிச்சு எடுக்கணும்.

சமிக்கி விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். மெஷின்ல வச்ச சமிக்கி எல்லாம் ஒரே நூல்ல சங்கிலியா போகும், ஒண்ண வெட்டினா வரிசையா கொட்டிகிட்டே போகும். கம்புக்கூட்டுல இருந்து ஒரு இஞ்ச் வரைக்கும் எடுக்கணும்னா, எங்க நிறுத்தணுமோ அந்த எடத்துல துணியோட உள்பக்கம் நூல் மேல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வச்சு நல்லா காயவிட்டுட்டு, அதுக்கு இந்தப்பக்கம் வெட்டுங்க. நிக்கும். பின்கழுத்துல குஞ்சம் வச்ச கயிறு ஒண்ணு தொங்கிச்சு, அதையும் வெட்டிட்டேன், அழகா இருந்தா என்ன, சறுக்குமரத்துலயோ சைக்கிள்லயோ மாட்டினா கழுத்த இறுக்கும். ஐரோப்பாவுல ஏழு வயசுக்கு உட்பட்ட புள்ளைங்க உடுப்புல கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டுற கயிறு இருக்கக்கூடாதுன்னு தர விதியே வச்சிருக்காங்க, நம்ம ஊர் ஃப்ராக்ல கயிறு இல்லாத கழுத்த தேடிப் புடிக்கணும்.

இவ்ளோ தூரம் பண்ணிட்டு "இப்ப போடுவியா"ன்னா, "பாக்கெட் வைப்பியா"ங்கிறா. நியாயமான கேள்வி. பொம்பளப் புள்ளைங்க உடுப்புல பாக்கெட்டே இருக்கிறதில்ல, இவளுக்கு புளியங்கொட்டை வைக்கணும், சோழி வைக்கணும், ஸ்கூல்ல யாரோ கொடுத்த பாதி பென்சில் வைக்கணும். பாக்கெட்டுக்கு அளவு ரொம்ப சுலபம், அவ கையவே வேட்டித்துண்டு மேல விரிச்சு வச்சு சுத்தி வரைஞ்சேன், மணிக்கட்டு வரைக்கும், அதவிட ஒரு இஞ்ச் பெருசா வெட்டினேன். அது பாவாடையோட பக்கத் தையல்ல சேரும், மேல் முனை இடுப்புத் தையல்லயும் சேந்து மாட்டணும், இல்லாட்டி புளியங்கொட்டை கனத்துல பக்கமா தொங்கி ஃப்ராக்கையே இழுத்துடும். மேல இருக்க நெட்டு கைய மறிக்குமேன்னு பாத்தா, நெட்டு பிசுறு விடாத துணி, அதோட பக்கத் தையல மட்டும் அஞ்சு இஞ்ச் பிரிச்சு விட்டாச்சு, மடிச்சு அடிக்கவே தேவையில்ல, கை நேரா உள்ள போகுது. பாக்கெட்டுன்னு ஒண்ணு வந்ததும் புள்ள அந்த ஃப்ராக்க பாக்குற பார்வையே வேற.

அடுத்தது பட்டுப்பாவாடை, இதுல நான் கைய வைக்கவே பயந்தேன். எங்கம்மா திருபுவனத்துல எடுத்துக் கொடுத்த பட்டு. திருபுவனம் பட்டுப்புடவைக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சதெல்லாம் பெருமைதான், அந்தப் பெருமையெல்லாம் புள்ளைக்கு தெரியுமா, நாடா அறுக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டு ஜட்டியோட ஓடுது. நாலு வயசுல தைச்சது, இப்ப ஏழு. தைச்ச டெய்லர் பழைய ஆளு, அடியில உள்பக்கமா ரெண்டு டக்கு, அதாவது துணிய மடிச்சு தைச்ச மடிப்பு, புடிச்சு வச்சிருந்தார். ஒரு இஞ்ச் டக்க பிரிச்சா ரெண்டு இஞ்ச் நீளம் கெடைக்கும், ரெண்டையும் பிரிச்சதுல நாலு இஞ்ச் எறங்குச்சு. ஆனா டக்குக்குள்ள இருந்த பட்டு வெயிலே படாதது, அது மட்டும் புது அரக்குக் கலர்ல பளிச்சுனு பட்டை பட்டையா தெரிஞ்சுது, மத்த எடம் கொஞ்சம் மங்கல். பட்டுல ஊசி போன ஓட்டையும் அழியாது. மேல காட்டன் துணி போட்டு கம்மி சூட்டுல அயர்ன் பண்ணதுல மடிப்பு போச்சு, கோடு போகல. கோட்டு மேல ஒல்லியா ஒரு ஜரிகை லேஸ் வச்சு ஓட்டிட்டேன், லேஸோட சொரசொரப்பு வெளிப்பக்கம்தானே, காலுல படாது, போகட்டும்.

இடுப்புக்கு யோசனை சொன்னது அத்தை. "நாடா எதுக்கும்மா, பாடி வச்சு தைச்சுடு, நாங்கள்லாம் அப்படித்தான் போட்டோம்"னாங்க. பாடி வச்ச பாவாடைன்னா பாவாடைக்கு மேல கையில்லாத ஒரு உள்பாடிய சேத்து தைக்கிறது, பாவாடை தோள்ல இருந்து தொங்கும், இடுப்புல ஒண்ணுமே இறுக்காது. அவங்க காலத்துல ஒரே பாவாடைய அக்கா தங்கச்சி மூணு பேர் வரிசையா போட்டாங்களாம், பாடிய மட்டும் மாத்தி மாத்தி வச்சு. இதுல இன்னொரு லாபம் தைக்கும்போதுதான் புரிஞ்சுது, சேர்ற எடம் மேல் சட்டைக்குள்ள மறைஞ்சிடுது இல்லையா, அதனால பாவாடை இடுப்புலதான் ஆரம்பிக்கணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டு இஞ்ச் கீழ இறக்கி சேத்தா வெட்டாம ஒட்டாம ரெண்டு இஞ்ச் நீளம் சும்மாவே கெடைக்குது. டக்கு நாலு, இது ரெண்டு, ஆக ஆறு இஞ்ச். அடுத்த வருஷத்துக்கும் ஓடும்.

உள்பாடிக்கும் வேட்டிதான், பக்கத் தையலுக்கு மட்டும் உள்ள பிசுறே வராத மாதிரி ரெட்டைத் தையல் போட்டேன், அதாவது மொதல்ல கெட்ட பக்கமும் கெட்ட பக்கமும் சேத்து கால் இஞ்ச்ல ஒரு தையல், தும்ப ஒட்ட வெட்டிட்டு திருப்பி நல்ல பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு இன்னொரு தையல், வெட்டுமுனை ரெண்டுக்கும் நடுவுல சிறை. ஓவர்லாக் மெஷின் இல்லாதவங்களுக்கு இதான் ஓவர்லாக், அதவிட சுத்தம். முதுகுல பிரஸ் பட்டன். ஹூக்கு வச்சா புள்ள சாயும்போது முதுகுல குத்தும்.

மேல் சட்டை கை தூக்க முடியாம இறுக்கம். பக்கத்துல உள்ள விட்டிருந்த துணிய பிரிச்சு விடலாம்னா பழைய ஊசி ஓட்டை வரிசை வெளிய வந்து பல்லக் காட்டும். அதனால பக்கத்த தொடாம, கம்புக்கூட்டுல நாலு தையலும் வந்து சேர்ற மூலைய மட்டும் பிரிச்சு, அதே அரக்குக் கலர்ல ரெண்டரை இஞ்ச் சதுரமா காட்டன் பீஸ் ஒண்ண சாய்சதுரமா வச்சு பழைய தையல் தடத்துலயே தைச்சேன். கைய தூக்கினா மட்டும்தான் தெரியும். வேர்வை மொத படுறதும் அங்கதான், பட்டுக்கு பதிலா காட்டன் இருக்கிறது பட்டுக்கும் நல்லது.

தீபாவளிக்கு இந்த நெட் ஃப்ராக்க போடலாமான்னு கேட்டா, கூடவே கூடாது. உள்ள எத்தனை காட்டன் வச்சாலும் மேல இருக்க நெட்டு நெட்டுதான். நைலானும் பாலியஸ்டரும் தீப்பொறி பட்டா உருகி சொட்டும், சொட்டினது தோல்ல ஒட்டிக்கும், ஒட்டினத எடுக்கப் போனா தோலும் சேந்து வரும். காட்டனும் எரியும்தான், அதனால காட்டன் போட்டுட்டோம்னு அசால்ட்டா விடாம தொளதொளன்னு தொங்காத காட்டனா போடணும். என்ன துணின்னே தெரியலன்னா உள் தும்புல இருந்து நாலு நூல் உருவி, வாசல்ல வச்சு இடுக்கியில புடிச்சு கொளுத்திப் பாருங்க. பேப்பர் எரியிற வாசத்தோட சாம்பலா உதிர்ந்தா காட்டன். முடி கருகுற நாத்தம் வந்து நொறுங்குற கரியா நின்னா பட்டு. சுருண்டு உருகி கெட்டியா மணி மாதிரி ஆச்சுன்னா பாலியஸ்டரோ நைலானோ. மூட்டையில "ப்யூர் காட்டன்"னு லேபிள் போட்ட ஒரு சட்டை மணியா உருண்டுச்சு, எந்தக் கடைன்னு சொல்லல. கார்த்திகை தீபத்துக்கும் இதே கணக்குதான், வாசல் முழுக்க அகல் இருக்கையில புள்ளைங்களுக்கு விரிஞ்ச நெட்டு பாவாடை வேணவே வேணாம்.

பையனோடது சுருக்கமா முடிஞ்சுது. கல்யாணத்துக்கு எடுத்த முழுக்கை சட்டை, காலர்ல பக்ரம்னு வெறைப்பான உள்துணி வச்சு கட்டை மாதிரி நிக்குது, கழுத்துல பட்டாலே கத்துறான். காலர்ங்கிறது ரெண்டு பீஸு, கழுத்தோட ஒட்டி நிக்கிற பட்டி ஒண்ணு, அதுல இருந்து மடங்கி விழுற இலை ஒண்ணு. இலைய மட்டும் பிரிச்சு உருவிட்டு, பட்டியோட வாய மறுபடி சேத்து ஒரு தையல் ஓட்டினா சைனீஸ் காலர். கைய முட்டிக்கு மேல வெட்டி மடிச்சேன். வெட்டின கைத்துணியில ஒரு பாக்கெட்.

டீசர்ட்டு வேண்டாம்னு அவன் சொன்னதுக்கு காரணம் தலை. நாலு வயசுப் புள்ளைக்கு தலை சுத்தளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இருக்கும், கழுத்து ரிப்பு விரிஞ்சு அவ்ளோ வரலைன்னா காத புடிச்சு இழுக்கும், மூக்க மூடும், அப்புறம் அந்த டீசர்ட்ட கண்டாலே ஓட்டம்தான். ஒரு பக்கத் தோள் தையல கழுத்துல இருந்து ரெண்டு இஞ்ச் பிரிச்சு, உள்ள பட்டி வச்சு ரெண்டு பிரஸ் பட்டன் போட்டா தீந்துச்சு. பனியன் துணி தைக்க பால்பாயிண்ட் ஊசின்னு கேட்டு வாங்குங்க, சாதா ஊசி இழைய அறுத்து ஓட்டை விடும். நேர் தையல் மெஷின்ல துணிய முன்னயும் பின்னயும் லேசா இழுத்துப் புடிச்சு தைச்சா, போடும்போது விரிஞ்சாலும் தையல் படக்குனு அறாது.

அவனுக்கு உசுரான ஜேசிபி படம் போட்ட டீசர்ட்டு ஒண்ணு, ரெண்டு வயசுல போட்டது, சின்னதாகியும் தரமாட்டேன்னு வச்சிருந்தான். படத்த அரை இஞ்ச் ஓரம் விட்டு வெட்டி, அடியில நோட்டு பேப்பர் வச்சு, யாரும் சீண்டாத ஒரு வெறும் நீலச்சட்டை முதுகுல ஒட்டித் தைச்சேன். படத்து மேல நேரா அயர்ன் வைக்காதீங்க, ரப்பர் பிரிண்டு பெட்டியோட வந்துடும். ஜேசிபி முன்னாடி இருக்கணும்னு மொதல்ல ஒரே அழுகை, "பின்னாடி வர்றவன் பாக்க வேணாமாடா"ன்னு அவங்க அப்பா ஒரு வார்த்தை போட்டார், அடங்கிட்டான், இப்ப யாரு வந்தாலும் முதுகத் திருப்பிக் காட்டிகிட்டு நிக்கிறான்.

எல்லாத்தையும் காப்பாத்த முடியாது. கல்லு வச்ச லெஹங்கா ஒண்ணு, கல்லெல்லாம் பசையில ஒட்டினது, உள்ள லைனிங் வச்சாலும் கனம் எங்க போகும், அத நாடகத்துக்கு ஸ்கூல்ல கேட்டாங்கன்னு கொடுத்தாச்சு. ஷெர்வானி மாதிரி ஒரு கோட்டு, பிரிச்சா உள்ள முழுக்க பசை ஒட்டின கேன்வாஸ், அதுல மெனக்கெடுறதுக்கு புதுசா ஒண்ணு தைச்சுடலாம். மஞ்ச கவுன், அவளுக்கு புடிக்காத கலர்தானே தவிர உள்ள ஒரு குத்தமும் இல்ல, தாராளமா அடுத்த தெரு பாப்பாவுக்கு போயிடுச்சு. மிஞ்சின மேல் நெட்டுல ஓரத்துல எலாஸ்டிக் வச்சு வத்தல் காயவைக்கிற தாம்பாளத்துக்கு மூடி, ஈ உக்காராது, காக்கா மூக்கு வைக்காது, வெயில் மட்டும் உள்ள போகும். கான்கான் மொரமொரப்ப என்ன பண்றதுன்னு தெரியாம பாத்திரம் தேய்க்கப் போட்டேன், தேங்கா நாருக்கு அப்புறம் அதான் நல்லா தேய்க்குது.

ஆடிப்பதினெட்டு அன்னிக்கு ரெண்டும் சப்பரம் இழுத்துகிட்டு ஆத்துக்கு போச்சுங்க. பட்ட ஆத்துக்கு விடல, நெட் ஃப்ராக்குதான். காலையில எட்டு மணிக்கு போட்டவ மத்தியானம் சாப்புடுற வரைக்கும் கழட்டல, அது போதும் எனக்கு. நனைஞ்சதுல மேல நெட்டு உடனே காஞ்சிடுச்சு, வேட்டி கால்ல ஒட்டிகிச்சுன்னு சொன்னா, ஆனா குத்துதுன்னு சொல்லல. பாக்கெட்டு ரெண்டுலயும் ஆத்துமணல் ரொப்பிகிட்டு வந்திருக்கா, அந்த கனத்துல ஒரு பாக்கெட் வாய் ஓரம் அரை இஞ்ச் விட்டுப்போச்சு. பாக்கெட் வாயோட மேல் கீழ் ரெண்டு முனையிலயும் முன்னயும் பின்னயுமா அஞ்சாறு தையல் அடிச்சு கெட்டி பண்ணிடுங்க, இப்ப ரெண்டுலயும் அப்படி அடிச்சாச்சு. மணல உதறிட்டு நாலு தடவை அலசியும் இன்னும் தையல் இடுக்குல வருது.

பையனோட ரெண்டு ஜீன்ஸ் பாக்கி இருக்கு. முன்பக்கம் பட்டன் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டு, பின் இடுப்பு பட்டிய மட்டும் கழட்டி பனியன் ரிப்பும் எலாஸ்டிக்கும் வைக்கணும், கீழ முட்டியோட வெட்டிடணும். அதுக்கு 16ம் நம்பர் ஊசி வேணும், கும்பகோணம் போறப்ப வாங்கணும். மெஷினோட தோல் பெல்ட்டும் தொளதொளன்னு ஆகியிருக்கு, ஐப்பசி மழை புடிச்சா ஈரத்துல இன்னும் நீளும், அதையும் கொஞ்சம் வெட்டி மாட்டிட்டுதான் ஜீன்ஸ்ல கை வைக்கணும்.